பயந்து அடித்தால் சட்டம் என்ன கேட்கும்?

வந்த கேள்வி இது: "என் அம்மாவுக்கு வயது 62, கிராமத்தில் தனியாக இருக்கிறார். போன மாதம் நள்ளிரவில் பின்கட்டுக் கதவை யாரோ தள்ளும் சத்தம் கேட்டு, அரிவாள்மனையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவன் உள்ளே வந்து, அம்மா வெட்டியிருந்தால் கொலை வழக்கு ஆகுமா? வந்தவன் திருடனே இல்லை என்று பிறகு தெரிந்தால்? 'நியாயமான அச்சம்' என்கிறார்களே, அது யாருடைய கணக்கில் நியாயம்?"

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். அங்கிருந்தே தொடங்குகிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன். தற்காப்பு என்று வாதாடி ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டிலும் வழக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. அடித்தவர் கண்ணுக்கு அந்த நொடியில் என்ன தெரிந்தது? அப்படித் தெரிந்தால் அவர் இடத்தில் இருக்கும் யாருக்கும் உயிர்ப்பயம் வருமா?

சட்டப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பைப் பற்றிய பழைய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண் மாறியதே தவிர வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் உச்ச நீதிமன்றம் எழுபது வருடமாகச் சொல்லிவந்த தீர்ப்புகள் இன்றைக்கும் செல்லும். தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம். தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கலாம். எதிராளி உயிரே போனாலும் குற்றமில்லை என்கிற சூழல்களைப் பிரிவு 38 உடலுக்கும், பிரிவு 41 சொத்துக்கும் தனித்தனியாகச் சொல்கின்றன. இரண்டுக்கும் மேலே வேலி போல நிற்பது பிரிவு 37. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் தானே இறங்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்தப் பிரிவுகளில் எங்கேயும் "உண்மையிலேயே ஆபத்து இருந்ததா" என்று கேட்கவில்லை. ஆபத்து வரப்போகிறது என்று அஞ்சுவதற்குக் காரணம் இருந்ததா என்றுதான் கேட்கிறார்கள். இது புரிய ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்ப்போம்.

1950 மார்ச் 5, மத்திய இந்தியாவின் கட்னி நகரம். பிரிவினையில் ஊரை இழந்து வந்து குடியேறிய சிந்தி அகதிகளுக்கும் உள்ளூர் முஸ்லிம்களுக்கும் கலவரம். அம்ஜத் கான் என்ற கடைக்காரர் தன் குடும்பத்தோடு உள்ளே இருக்கிறார். கூட்டம் அதே கட்டடத்தின் இன்னொரு பகுதியை உடைத்துக் கொள்ளையடித்துவிட்டது. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் பதறிப்போய் அவரிடம் ஓடிவருகிறார்கள். அடுத்து அவருடைய கதவிலேயே தடியடி விழுகிறது. பக்கத்துப் பகுதியில் ஏற்கெனவே கடைகள் சூறையாடப்பட்டு, ஆட்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். ஒருவர் இறந்தார், சிலர் காயப்பட்டனர். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. அவரை யாரும் தொடவில்லை, அவர் கதவும் உடையவில்லை, அதற்குள் ஓர் உயிர் போய்விட்டதே என்று பார்த்தால் தண்டனை சரி என்றுதான் தோன்றும்.

1952இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி விவியன் போஸ். காத்திருந்தால் தன் கடைக்கு என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கொள்ளையடிக்க வந்த கூட்டம் தன் கதவோடு நின்றுவிடும் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்? உள்ளே நுழைந்துவிட்டால் குடும்பத்தைக் காக்க நேரம் இருக்குமா? உடைத்துக்கொண்டு வருவோம் என்று கூட்டம் வாயால் சொல்லத் தேவையில்லை, கதவில் அடிக்கும் அடியிலேயே அந்த மிரட்டல் இருக்கிறது என்றார் போஸ். இப்படிப்பட்ட தருணங்களைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்றும் எழுதினார். அந்தப் பொற்றராசு உவமை அதற்குப் பிறகு எத்தனையோ தீர்ப்புகளில் வந்துவிட்டது. நானே பலமுறை வாதத்தில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இன்னொரு கூட்டம். பஞ்சாபில் ஒரு தொழிற்சாலை. சம்பளப் பிரச்சினையில் தொழிலாளர்கள் வெளியே கூடிக் கோஷம் போடுகிறார்கள், செங்கல் துண்டுகளை வீசுகிறார்கள். முதலாளி ரிவால்வரை எடுத்துச் சுட, ஒரு தொழிலாளி இறந்துபோனார். 1979இல் தீர்ப்பான வழக்கு. கல்வீச்சில் சொத்து சேதமானது உண்மை, அதைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு, ஆனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை அங்கே இல்லை, எல்லையைத் தாண்டிவிட்டார் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டு வழக்கிலும் உள்ளே இருந்தவர் கையில் துப்பாக்கி, வெளியே கோபமான கூட்டம். கட்னியில் பக்கத்துப் பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது, குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஊரில் பிணம் விழுந்திருக்கிறது. பஞ்சாபில் கண்ணாடியும் ஓடும் உடைகின்றன. முதலாளிக்கும் பயம் வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து உயிர்ப்பயம் கொள்ளக் காரணம் போதாது. நியாயமான அச்சம் என்பதை இந்த இரண்டு கதவுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் என் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்புறம் ஆயுதக் கணக்கு. அவன் கம்பு எடுத்தான், நீ ஏன் ஈட்டி எடுத்தாய் என்று குறுக்கு விசாரணையில் கேட்காத அரசு வழக்கறிஞர் இல்லை. உத்தரப் பிரதேச நிலத்தகராறு ஒன்றில் உயர் நீதிமன்றமே இப்படிக் கேட்டுத் தண்டித்தது. 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று தள்ளியது. தலையில் விழும் தடியடி ஆளைக் கொல்லும், அடி வாங்கி முடிக்கும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை, தடிக்கு ஈட்டி கூடாது என்ற வாதமே பிசகு என்றது. 2010 ஜனவரியில் வந்த தர்ஷன் சிங் வழக்கில் இந்தக் கொள்கைகளையெல்லாம் பத்துப் புள்ளிகளாகத் தொகுத்துக் கொடுத்தார்கள். தாக்கப்படும் மனிதன் கணக்குப் போட்டு, படிப்படியாக அளந்து அடிப்பான் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அதில் ஒன்று. அச்சம் பிறந்தவுடன் உரிமை பிறக்கிறது, அச்சம் இருக்கும்வரை உரிமை இருக்கிறது என்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது புள்ளியில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. அடிக்க வந்தவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். இவர்கள் வாய்க்கால் கரை வரை விரட்டிப் போய் வெட்டுகிறார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வெட்டெல்லாம் முதுகிலும் பிடரியிலும் இருக்கும். அதற்கு மேல் எந்த வாதமும் எடுபடாது. கட்சிக்காரர் என்னிடம் "கோபம் அடங்கலைங்க சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் சட்டம் காப்பது பயத்தை மட்டும். ஓடுகிறவன் முதுகைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

எல்லை தாண்டினால் நேராகக் கொலைக் குற்றமா என்று கேட்டால், எப்போதும் இல்லை. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது, திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கம் இல்லாமல் எல்லையைத் தாண்டியிருந்தால், பிரிவு 101இன் இரண்டாவது விலக்கு அதைக் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைக்கும். அப்படியும் அது சின்னத் தண்டனை இல்லை. கொல்லும் எண்ணம் இருந்ததென்று கண்டால் ஆயுள் தண்டனை, அல்லது 5 முதல் 10 வருடம் வரை சிறை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. வந்தவன் திருடனே இல்லை என்றால்?

சட்டத்துக்குள்ளேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய பிரிவு 98, இப்போது 36. ஒருவர் தனக்கு நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் இரவில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் நல்லெண்ணத்தோடு அவரைக் கன்னக்கோல் திருடன் என்று நினைத்துத் தாக்குகிறார். தாக்கியவர் அந்தத் தவறான எண்ணத்தில் செய்ததால் குற்றமில்லை. ஆனால் தாக்கப்பட்டவருக்கும் தற்காப்பு உரிமை முழுதாக உண்டு. இருட்டில் இரண்டு நிரபராதிகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளலாம், இருவர் மேலும் குற்றம் இல்லாமல் போகலாம். 1860இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு ஒரிசா உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சட்டக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

1958 மே மாதம், பாலேஸ்வர் மாவட்டத்தில் ரஸ்கோவிந்த்பூர் என்ற ஊர். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமானத்தளம், அதைச் சுற்றி ஆதிவாசி கிராமங்கள். அங்கே பேய் நடமாட்டம் உண்டு என்று ஊரே நம்பியது, ராத்திரியில் யாரும் அந்த வழியாகத் தனியாகப் போவதில்லை. பழைய விமான உதிரி இரும்பு வாங்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார், கூடவே ராம் பகதூர் தாபா என்ற நேபாளி வேலைக்காரர். பேயைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஓர் ஆசை. பயந்துபோய் டீக்கடையில் ஒதுங்கியிருந்த ஆதிவாசி ஒருவரை அவர் ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, டீக்கடைக்காரரோடு நள்ளிரவுக்கு மேல் திரும்புகிறார்கள். தூரத்தில் ஒரு விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறது. பலமான காற்று. வெளிச்சத்தைச் சுற்றிப் பெண் உருவங்கள் ஆடுவது போலத் தெரிகிறது. தாபா குக்ரியை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கண்மண் தெரியாமல் வெட்டுகிறார். பின்னால் ஓடிவந்த டீக்கடைக்காரருக்கும் வெட்டு விழுகிறது. மனிதக் குரலில் அலறல் கேட்ட பிறகுதான் நிறுத்துகிறார்.

அவர்கள் ஆடவில்லை. அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு, இலுப்பை மரத்தடியில் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆதிவாசிப் பெண்கள். ஒருவர் செத்துப்போனார். இருவருக்குக் கொடுங்காயம்.

செஷன்ஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது, 1959இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தான் தாக்குவது மனிதர்களை அல்ல, பேய்களை என்று அவர் மனதார நம்பினார். உடன் வந்தவர்களும் அதே நம்பிக்கையில்தான் இருந்தார்கள், யாரும் அவரைத் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதற்காக அவருக்குப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது. தீர்ப்பு நின்றது பழைய பிரிவு 79இன் மேல், இப்போது அது 17. உண்மை நிலையைத் தவறாகப் புரிந்துகொண்டு, சட்டம் அனுமதிப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்வது குற்றமாகாது என்கிற பிரிவு.

தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. தாபாவைக் கொலைகாரர் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அந்தப் பெண்கள் எந்த ராத்திரியும் போல வேலைக்கு வந்தவர்கள், அது அவர்கள் ஊர், அவர்கள் மரம். வெளியூர்க்காரர்களின் பயம் அளந்து பார்க்கப்பட்ட அளவுக்கு, அந்தப் பெண்கள் அங்கே இருக்க எத்தனை இயல்பான காரணம் இருந்தது என்பது அளக்கப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. நல்லெண்ணம் என்ற சொல்லுக்கு நம் சட்டம் தனி விளக்கம் வைத்திருக்கிறது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்யப்பட்ட எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகக் கருத முடியாது என்கிறது. அங்கே உயிர் போகும் ஆபத்து இல்லை, ஓடித் தப்பிக்க வேண்டிய நிலையும் இல்லை. அவராகவே விளக்கைத் தேடிப் போனார். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் வெட்டுவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுத்திருக்கலாம் என்பது அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு இல்லை.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தி ஊர் முழுக்க இருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்தார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் எங்களுக்கும் பயம் இருந்தது என்பார்கள். அதுவும் பெற்ற பிள்ளைகளைப் பற்றிய பயம். ஆனால் பட்டப்பகலில், ஒரு காரைச் சுற்றி நூறு பேர் நிற்கும்போது, யாருக்கு என்ன ஆபத்து அந்த நொடியில் நெருங்கியது? போலீஸை அழைக்க நேரம் இல்லையா? ஒரு வார்த்தை விசாரிக்க முடியாதா? வதந்தி மனதில் ஏற்றி வைத்த உருவத்தைத்தான் அவர்கள் அடித்தார்கள். கண் முன்னால் நின்றவர் சாக்லேட் கொடுத்த ஒரு பாட்டி. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் வேறு வேறாக இருக்கும்போது, கேட்டதை மட்டும் நம்பி அடிப்பவருக்குத் தற்காப்பு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

யாருடைய கணக்கில் நியாயம் என்பதில் நாடுகளுக்கு இடையே கருத்து ஒன்றாக இல்லை. இங்கிலாந்தில், ஆபத்து இருப்பதாக ஒருவர் மனதார நம்பினால் போதும், அந்த நம்பிக்கை காரணமற்றதாக இருந்தாலும் பரவாயில்லை. அடித்த அளவு சரியா என்பதை மட்டும் வெளியிலிருந்து அளப்பார்கள். நியூயார்க் வேறு மாதிரி. 1984 டிசம்பர் 22 அன்று சுரங்க ரயிலில் பெர்னார்ட் கெட்ஸ் என்பவரிடம் நான்கு கறுப்பின இளைஞர்கள் ஐந்து டாலர் கேட்டார்கள். அவர் துப்பாக்கியை எடுத்து நால்வரையும் சுட்டார். நால்வரும் பிழைத்தார்கள், ஒருவர் மட்டும் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனார். கெட்ஸுக்கு அப்படித் தோன்றியது என்பது மட்டும் போதாது, அவர் நிலையில் நியாயமான மனிதர் ஒருவருக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று 1986இல் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம் சொன்னது. ஆனால் அவர் நிலை என்பதில் எதிரில் இருந்தவர்களின் உடல்வாகு, அவருக்கு முன்பு நேர்ந்த வழிப்பறி அனுபவம் எல்லாம் சேரும் என்றும் சொன்னது. கடைசியில் ஜூரி அவரைக் கொலை முயற்சியிலிருந்து விடுவித்து, உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டித்தது. எதிரில் வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு பேர் நின்றிருந்தால் அவர் கை துப்பாக்கிக்குப் போயிருக்குமா என்ற கேள்வி இன்றுவரை அந்த ஊரில் ஓயவில்லை. நம் ஊரில் இதே கேள்வியைச் சாதி வைத்துக் கேட்டுப் பாருங்கள். வேற்றுத் தெருப் பையன் ராத்திரி நம் தெருவில் நடந்தால் வருகிற பயத்தில் எவ்வளவு பயம், எவ்வளவு நாமாக வளர்த்து வைத்தது? இதை நீதிபதி கேட்பதற்கு முன்னால் வழக்கறிஞராகிய நான் என் கட்சிக்காரரிடம் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் நடுவழியில் நடக்கின்றன. அந்தப் பரபரப்பிலும் குழப்பத்திலும் சிக்கியவர் கண்ணால்தான் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும், ஆற அமர உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அதே நேரம், அந்த அச்சத்துக்கு ஆதாரமாக வெளியே ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

அந்தக் கண்ணில் உங்கள் அம்மாவின் வயதும் உடம்பும் சேர்ந்ததுதான். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீதிமன்றத்தில் நியாயமான மனிதன் என்றவுடன் எல்லோர் மனதிலும் முப்பது முப்பத்தைந்து வயது ஆண்தான் வந்து நிற்கிறான். அவன் தள்ளிவிட்டுத் தப்பிக்கிற இடத்தில் 62 வயதுப் பெண்மணிக்கு வழி இல்லை. 1990இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வருடக்கணக்கில் அடி வாங்கிய பெண், விருந்தினர் போன பிறகு உன்னைக் கொல்வேன் என்று மிரட்டிவிட்டு அறையை விட்டு வெளியேறிய துணைவனைப் பின்னாலிருந்து சுட்டுவிட்டார். ஜூரியின் விடுதலைத் தீர்ப்பை நிலைநிறுத்திய நீதிபதி பெர்தா வில்சன், அப்படிப்பட்ட மனைவியின் இடத்தில் சாதாரண ஆண் என்ன செய்வான் என்று கற்பனை செய்ய முடியாமல் போவதற்குக் காரணம், ஆண்கள் பொதுவாக அந்த இடத்தில் இருப்பதில்லை என்பதே என்றார். ஓங்கிய கை எது, ஓங்கப்போகும் கை எது என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நம் நீதிமன்றங்கள் இவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை, வர வேண்டும் என்பது என் கருத்து.

இருந்தாலும் பிரிவு 38 பெண்களுக்குப் பெரிய துணை. உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம், பாலியல் வன்முறை நோக்கம், ஆள் கடத்தல் நோக்கம், வெளியே உதவி கேட்க முடியாதபடி அடைத்து வைப்பது, 2013இல் சேர்க்கப்பட்ட ஆசிட் வீச்சு என்று அதில் வரிசையாக வரும். பாலியல் வன்முறை நோக்கத்தோடு தாக்கினால் உயிர்ப்பயம் இருந்ததா என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, அந்த நோக்கமே போதும். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே 19 வயதுப் பெண் ஒருவர், தன்னைக் கெடுக்க வந்தவனின் கத்தியைப் பிடுங்கி அவனையே குத்தியதில் அவன் இறந்தான். பழைய 100ஆம் பிரிவின்படி காவல்துறையே அந்தப் பெண்ணை விடுவித்தது. 2012இல் மதுரையிலும், மகளைக் கெடுக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற தாயை இதே பிரிவில் விடுவித்தார்கள். ஆனால் எல்லா அதிகாரிகளும் அப்படிச் செய்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் கைது நடக்கும், வழக்கு நடக்கும், தற்காப்பு என்பதை நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

எப்படி நிலைநாட்டுவது? அதற்கு என் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். எழுபதை நெருங்கிய விவசாயி, தோட்டத்து வீட்டில் மனைவியோடு தனியாக இருப்பவர். ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுக்கொட்டகையில் மாடு மிரளும் சத்தம். எழுந்து போனால் உள்ளே ஓர் உருவம், கையில் ஏதோ நீளமாக. மண்வெட்டிக் காம்பால் ஓங்கி ஒரே அடி. விழுந்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து, வைக்கோலில் படுக்க வந்திருக்கிறான். கையிலிருந்தது கழற்றிய வேட்டி. தோள் எலும்பு முறிந்தது, கொடுங்காய வழக்கு.

அரசுத் தரப்பின் பலமெல்லாம் ஒரு தெருவிளக்கில் இருந்தது. விசாரணை அதிகாரி வரைந்த மாதிரி வரைபடத்தில் கொட்டகையிலிருந்து நாற்பதடி தூரத்தில் ஒரு கம்பம், அதில் பல்பு. வெளிச்சத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பையன் முகம் தெரியாதா, வரப்புத் தகராறு மனதில் வைத்து அடித்தார் என்பது அவர்கள் வாதம். பெரியவர் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "கரண்ட் இல்லீங்க தம்பி." மின்வாரியப் பதிவேட்டைக் கேட்டு மனுப் போட்டோம். அந்தப் பாதைக்கு நள்ளிரவு 12.50 முதல் விடியற்காலை 4.15 வரை மின்சாரம் இல்லை என்று பழுப்பேறிய பக்கத்தில், நீல மையில், ஊழியர் ஒருவரின் கையெழுத்தோடு இருந்தது. நீதிபதி அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். அடுத்த சாட்சி எதிர்த் தோட்டத்து அம்மா. குறுக்கு விசாரணையில், அடிச் சத்தத்துக்கு முன்னால் ஏதாவது கேட்டதா என்றேன். "யாரது, யாரதுன்னு அண்ணன் ரெண்டு தடவை கத்துனாரு, அப்புறந்தான் சத்தம்" என்றார். அந்த இரண்டு கத்தல்தான் பெரியவருக்கு விடுதலை வாங்கித் தந்தது. பதில் சொல்லாமல் இருட்டில் நிற்கும் உருவம், கையில் நீளமாக ஒன்று, வீட்டுக்குள் மனைவி. உரிய கவனம் என்று சட்டம் கேட்பதை அவர் செய்து முடித்துவிட்டார்.

நிரூபிக்கும் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்காப்பு என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு மட்டும்தான். நமக்கு, அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சியிலிருந்தே அதைக் காட்டலாம். வாயைத் திறந்து தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும், சாட்சியங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. சூரியன் மறைந்த பிறகு ஒருவன் கதவை உடைத்தோ, பூட்டைத் திறந்தோ, ஓட்டைப் பிரித்தோ உள்ளே நுழைந்தால், பிரிவு 41இன்படி அவன் உயிருக்கே ஆபத்து வந்தாலும் அம்மாவின் பக்கம் சட்டம் நிற்கும், தேவைக்கு மேல் போகாதவரை. அவன் உள்ளே இருக்கும்வரை அந்த உரிமை இருக்கும். முற்றத்தில் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை வெட்ட அந்த உரிமை கிடையாது. கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனைத் தேடிப் போகவும் கிடையாது. அன்று அவர் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தது மிகச் சரி.

பின்கட்டு விளக்கின் சுவிட்சை வீட்டுக்குள்ளே மாற்றிப் போடுங்கள், செலவு அதிகம் ஆகாது. சத்தம் கேட்டால் முதலில் விளக்கு, அடுத்து உரக்க ஒரு குரல், அக்கம்பக்கத்துக்குக் கேட்க வேண்டும். செல்போனில் 112. அழைப்பு பதிவாகும் நேரமே பின்னால் சாட்சி. எதுவும் நடந்துவிட்டால் இடத்தை விட்டுப் போகக் கூடாது, அரிவாள்மனையைக் கழுவக் கூடாது, தரையைத் துடைக்கக் கூடாது. அம்மாவுக்குச் சின்னக் கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பில் உள்ள காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கே ஆட்டம் காணலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

போலீஸிடம் "தற்காப்புக்காக வெட்டினேன்" என்று யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம். என்ன சத்தம் கேட்டது, எங்கே நின்றார், விளக்கு இருந்ததா, அவன் கையில் என்ன தெரிந்தது, எத்தனை அடி தூரம், குரல் கொடுத்தபோது அவன் என்ன செய்தான், இதை நடந்தது நடந்தபடி தன் பேச்சிலேயே சொல்லட்டும். முதல் தகவல் அறிக்கையில் ஏறும் அந்தச் சின்ன விவரங்களைத்தான் இரண்டு வருடம் கழித்து சாட்சிக்கூண்டுக்கு எதிரில் நின்று நான் வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.